ஐயாவுக்கு எப்படித் தொடங்கியது

சிவமயம்

ஏழாலை,
24.02.1973

அன்புத் தங்கச்சி குணலட்சுமிக்கு,

போன ஆவணியிலும் ஐயாவின் திவசத்துக்கு நீ வரவில்லை. அதைப் பற்றிச் சண்டை பிடிக்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அந்தக் கோபம் ஒரு பக்கம் கிடக்கட்டும். இப்போது எனக்கு, நேர்ஸாக இருக்கிற உன்னை விட்டால் கேட்க வேறு ஆளில்லை.

போன செவ்வாய்க்கிழமை கிணற்றடித் தோட்டத்தில் வெங்காயம் கிண்டினோம். விடியப் போய் இறங்கினதிலிருந்து குனிந்த இடுப்பு நிமிரவில்லை. வெயில் ஏறிவிட்டது. பனையோலைக் கடகம் நிறைந்துவிட்டதென்று அதைத் தூக்கக் குனிந்தேன். தூக்கக்கூட இல்லை, விளிம்பில் கை வைத்தேன், அவ்வளவுதான். இடுப்பின் இடப்பக்கத்தில் யாரோ உள்ளே கையை விட்டு ஈரத்துணியைப் பிழிவது போல ஒரு முறுக்கு. மூச்சு நின்றுவிட்டது. நிமிரவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. கடகத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். மகள் ஞானம் ஓடி வந்து, "என்னம்மா, என்ன செய்யுது?" என்று கேட்டாள். "ஒண்டுமில்லைப் பிள்ளை, கால் சறுக்கிப் போச்சு" என்று சொல்லி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். உன் அத்தானிடமும் சுளுக்கு என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

சுளுக்கில்லைத் தங்கச்சி. ஐயாவுக்கும் இப்படித்தான் வந்தது. அதே இடுப்பு. அதே மாசி மாதம். "பிடிப்பு, போயிடும்" என்றார். நாங்களும் எண்ணெய் போட்டுத் தவிடு வறுத்து ஒத்தடம் கொடுத்தோம். சித்திரை வருஷப்பிறப்புக்குக் கட்டிலை விட்டு இறங்கமாட்டாமல் போனார். ஆவணியில் ஆளே இல்லை.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நீதான் பக்கத்தில் நின்றாய். டாக்குத்தர் உன்னைத் தனியே கூப்பிட்டுக் கதைத்ததை நான் விறாந்தையில் நின்று பார்த்தேன். வெளியே வந்து, "வயசு போட்டுது அக்கா" என்றாய். ஐம்பத்தெட்டு ஒரு வயசா? அன்றைக்கு நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். ஐயாவுக்கு என்ன வருத்தம்? அது எப்படித் தொடங்கியது? தகப்பனிலிருந்து பிள்ளைக்கு வருமா?

பயமாக இருக்கிறது. ஒளிக்காமல் எழுது.

உன் அக்கா,
மீனாம்பிகை


பதுளை,
01.03.1973

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. வேலைக்குப் போகும் அவசரத்தில் எழுதுகிறேன். நான் கேட்பதற்கெல்லாம் வெட்கப்படாமல் பதில் எழுதுங்கள்.

நோவு எப்போது கூடுகிறது? அசையும்போதா, அல்லது ஆடாமல் படுத்திருக்கும்போதா? பின்னேரங்களில் காய்ச்சல் காய்கிறதா, உடம்பு வியர்க்கிறதா? இருமல் உண்டா? உடம்பு மெலிந்திருக்கிறதா? கால் இழுக்கிறதா? தொடை இரண்டுக்கும் நடுவே, உட்காரும் இடத்தில், மரத்துப்போனது போல இருக்கிறதா? சலம் போவதில் தடையோ, அடக்கமுடியாமல் போவதோ உண்டா? கடைசி இரண்டில் ஒன்று இருந்தாலும் எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த நிமிஷமே கார் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால், பாயை நிலத்தில் போட்டு மல்லாந்து படுத்து, இரண்டு கெண்டைக்காலையும் ஒரு கதிரையின் மேல் தூக்கி வையுங்கள். இடுப்பு இளகும். சூட்டு ஒத்தடம் கொடுக்கலாம். எழும்பும்போது நேரே எழும்பவேண்டாம். ஒரு பக்கம் புரண்டு, கையை ஊன்றி எழும்புங்கள். ஆனால் படுக்கையே கதியென்று கிடக்கவேண்டாம். நோவோடேயே வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நடவுங்கள். அத்தானிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

திவசத்துக்கு லீவு தரவில்லை, அக்கா.

அன்புடன்,
குணம்


சிவமயம்

ஏழாலை,
09.03.1973

தங்கச்சிக்கு,

என் சலத்தைப் பற்றிக் கேட்டாய். ஐயாவைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. நீ எழுதாமல் விட்டதைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

சலம் ஒழுங்காகப் போகிறது. மரத்துப்போகவில்லை. காய்ச்சலா என்று எனக்குத் தெரியாது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் சுடுவது போலத்தான் இருக்கிறது. ஞானம் தொட்டுப் பார்த்து, இல்லை என்கிறாள். மெலிந்திருக்கிறேன். சட்டை தொளதொளவென்று கிடக்கிறது. போன மாதம் கைக்கு இறுக்கமாக இருந்த அதே சட்டைதான்.

நட என்று நீ அங்கேயிருந்து இலகுவாக எழுதிவிட்டாய். நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரி அருளம்பலத்தார் வந்து பார்த்தார். "உது நரம்புப் பிடிப்பு. அசையாமல் கிடந்தால்தான் இளகும்" என்று சொல்லி எண்ணெய் தந்துவிட்டுப் போனார். நான் அசைவதில்லை. குசினிக்குள் சமைப்பது ஞானம்தான். வெங்காயம் கிண்டக் கூலிக்கு ஆள் வந்தது. அறைக்குள் மல்லாந்து கிடந்து, தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மெசின் சத்தத்தைக் கேட்டபடி, முதுகுக்குள் என்ன நடக்கிறதென்று காவல் இருக்கிறேன். சில நேரம் ஒன்றும் இல்லை. அப்போதுதான் பயம் கூடுகிறது; இனி எங்கேயிருந்து கிளம்பப் போகிறதோ என்று. கண் விழித்ததும் கால் விரலை ஆட்டிப் பார்க்கிறேன். ஆடினால், மற்றக் காலையும் ஆட்டிப் பார்க்கிறேன். நேற்று இடக்கால் மரத்தே போயிருந்தது. கத்திவிட்டேன். இவர் ஓடி வந்து தேய்த்துவிட, கொஞ்ச நேரத்தில் உணர்வு வந்தது. "ஒரே பக்கமாய்க் கிடந்தால் மரக்காமல் என்ன செய்யும்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞானத்துக்குக் கொக்குவிலில் ஒரு சம்பந்தம் பேசுகிறோம். நல்ல இடம். பெடியன் தபால் கந்தோரில் வேலை. இந்த நேரத்தில் நான் இப்படி.

ஐயாவுக்கு என்ன வருத்தம், குணம்?

மீனாம்பிகை


பதுளை,
15.03.1973

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தைத் தனியே இருந்து வாசியுங்கள்.

ஐயாவுக்கு இருந்தது சயரோகம். நெஞ்சில் இருந்து முள்ளந்தண்டுக்குப் போயிருந்தது. எலும்பை அரித்து, கடைசியில் மூளைக்கு ஏறிவிட்டது. அதற்கு மருந்து அப்போதே இருந்தது. கொண்டுபோகப் பிந்திவிட்டோம். ஐயா மாதக்கணக்கில் இருமலை ஒளித்திருக்கிறார். தோட்டத்துக் கொட்டிலுக்குள் போய் இருந்து இருமுவாராம். என்னிடம் அவரே சொன்னார். பின்னேரத்தில் வியர்த்துக் கொட்டுவதையும் ஒளித்திருக்கிறார். அவருக்குக் குனிந்தால் அல்ல, சும்மா கிடந்தால்தான் நொந்தது. உங்களுடைய நோவு அப்படியில்லை. இதைக் கவனித்து வாசியுங்கள். அப்படியில்லை.

"அக்காவுக்குச் சொல்லாதை. அவள் பயந்தவள். சனத்துக்குத் தெரிஞ்சால் உன்ரை கலியாணமும் போயிடும்" என்றார். நான் சொல்லவில்லை. கலியாணம் எப்படியும் நடக்கவில்லை, அது வேறு கதை. அந்த வருஷம் உங்கள் எல்லாரையும் யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நெஞ்சுப் படம் எடுப்பித்தேனே, நேர்ஸ்மாரின் குடும்பங்களுக்குக் கட்டாயம் என்று சொல்லி? அது இதற்காகத்தான். அப்போது ஒருவருக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

ஆனால் நீங்கள் ஐயாவோடு ஒரே வீட்டில் இருந்தவர். சட்டை தொளதொளவென்று கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றும் இராது என்றே நினைக்கிறேன். ஆனாலும் முதுகையும் நெஞ்சையும் ஒருமுறை எக்ஸ்றே எடுத்துப் பார்க்கவேண்டும். இந்தக் கிழமையே போங்கள். இருந்தால்கூட இப்போது அதைச் சுகப்படுத்தலாம். இது நான் ஆறுதலுக்கு எழுதுவதல்ல. என்னுடைய வார்டில் இருந்து சுகமாகி நடந்து போகிறவர்களை நான் கண்ணால் காண்கிறேன்.

குணம்


ஏழாலை,
20.03.1973

குணலட்சுமிக்கு,

நான் எங்கேயும் போகமாட்டேன்.

ஐயாவின் எச்சிற் கோப்பையைக் கழுவினது நான். அவருடைய பாயை உதறினது நான். ஞானம் அவருடைய மடியில் இருந்து சோறு தின்றவள். நீ ஏழு வருஷம் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கும் பொங்கலுக்கும் வந்து எங்களோடு இருந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாய். நான் பயந்தவள் என்று ஐயாவும் நீயும் முடிவு கட்டினீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

இப்போது படம் எடு என்கிறாய். எடுத்து அதிலே இருந்தால்? கொக்குவில் ஆட்களுக்கு அடுத்த நாளே தெரியவரும். பெரியாஸ்பத்திரியில் எங்கள் ஊர்ச் சனம் இல்லாத இடமில்லை. "தாய்க்குச் சயம், தாத்தாவுக்கும் சயம்" என்று ஞானத்தின் நெற்றியில் எழுதி ஒட்டிவிட்டுப் போய்ச் சேரச் சொல்கிறாயா? இல்லாதவரைக்கும் இல்லையென்று இருந்துவிட்டுப் போகிறேன்.

இவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியவும் கூடாது. இனி எனக்கு எழுதாதே.

மீனாம்பிகை


பதுளை,
24.03.1973

அக்கா,

அத்தானுக்கு எழுதிவிட்டேன். எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதமும் அதுவும் ஒரே தபாலில் வரும்.

என்னோடு வாழ்நாள் முழுக்கக் கோபமாக இருங்கள். படம் எடுத்துவிட்டுக் கோபமாக இருங்கள்.

குணம்


சிவமயம்

ஏழாலை,
17.04.1973

குணத்துக்கு,

வருஷப்பிறப்புக்கு நீ அனுப்பின சீலை வந்தது. இன்னும் பிரிக்கவில்லை. உனக்கு எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் நடந்ததை வேறு யாருக்குச் சொல்ல முடியும்?

உன் கடிதத்தை இவர் குசினி வாசலில் நின்று வாசித்தார். மடித்துச் சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்தார். கையைக் கழுவிச் சாப்பிட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு சுன்னாகம் போனவர், வாடகைக்குப் பிடித்த ஒரு ஏ-போட்டிக் காரோடு வந்து வாசலில் இறங்கினார்.

"வெளிக்கிடு."

"எங்கை?"

"பெரியாஸ்பத்திரிக்கு."

"நான் வரமாட்டன்."

"நடந்து வாறியோ, நான் தூக்கிக்கொண்டு போறதோ? ரெண்டிலை ஒண்டைச் சொல்லு."

கத்தினால் அயல் கூடிவிடும் என்று நடந்தேன். காரின் பின் ஆசனத்தில் குறுக்கே படுத்தபடி போனேன். ஒவ்வொரு குழிக்கும் உயிர் போய் வந்தது. கொக்குவில் றெயில்வே கேற்றில் கார் நின்றது. றெயில் போய் முடியும்வரை, பார்க்கிறவர்கள் அடையாளம் பிடிக்கக்கூடாதென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தேன்.

எக்ஸ்றே அறைக்குள் தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னார்கள், தங்கச்சி. முந்தி நீ நெஞ்சுப் படம் எடுப்பித்தபோதும் மேலே தூக்கிப் பிடித்தேனே தவிர, கட்டின நாளிலிருந்து கழற்றினதில்லை. "படத்திலை விழும் அம்மா, கழட்டித்தான் ஆகவேணும்" என்று அந்தப் பெடியன் மரியாதையாகத்தான் சொன்னான். என் கைக்குக் கொளுவி அகப்படவில்லை. இவரைக் கூப்பிட்டார்கள். இவர் வந்து பின்பக்கத்தால் கழற்றித் தன் கைக்குள் பொத்திக்கொண்டு வெளியே போனார். அந்தக் குளிர்ந்த மேசையில் படுத்துக்கொண்டு, ஐயாவைப் போலவே நானும் போகப்போகிறேன், கழுத்தும் வெறுமையாகிவிட்டது என்று நினைத்தேன். "மூச்சை இழுத்துப் பிடியுங்கோ" என்றார்கள். நான் ஏற்கெனவே பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வெளியே நீள வாங்கிலில் இருந்து காத்திருந்தோம். இவர் தாலியைப் பொத்தின கையைத் திறக்கவே இல்லை. இளம் டாக்குத்தர் ஒருவர் எங்களைக் கூப்பிட்டுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். என் முள்ளந்தண்டை நானே பார்த்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக, வெள்ளையாக. பார்க்கக் கூசியது. "எலும்பிலை ஒரு பழுதும் இல்லை. நெஞ்சும் துப்பரவாய் இருக்கு. இரத்தமும் பாத்தாச்சு. தசைதான் பிடிச்சிருக்கு. படுக்கையிலை கிடவாமல் நடந்து திரியுங்கோ" என்றார். இவர் வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு மூக்கைச் சீறினார்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வீட்டுக்கு வந்து காரால் இறங்கும்போதே அதே பிழிவு, அதே இடம். ஒன்றும் இல்லாததுதானா இப்படி நோகிறது? எலும்பு நல்லதென்றால் இது என்ன? படம் மாறிப்போயிருக்குமோ? வேறு யாருடைய நெஞ்சையோ பார்த்துவிட்டு எனக்குச் சொன்னார்களோ? சட்டை தொளதொளத்ததற்குக் காரணம் எனக்கு இப்போது விளங்குகிறது, மாசியிலிருந்து நான் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. அது விளங்குகிறது. நோவு விளங்கவில்லை. நல்லாயிருக்கிறாய் என்று எல்லாரும் சொல்லச் சொல்ல நான் தனித்துப் போகிறேன்.

அக்கா


பதுளை,
23.04.1973

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை வார்டு வாசலில் நின்றே உடைத்தேன். "எலும்பிலை ஒரு பழுதும் இல்லை" என்ற வரிக்கு வந்ததும் கீழே இருந்துவிட்டேன். சட்டையைப் பற்றி நீங்கள் எழுதின நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மருந்துத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கட்டிலுக்கு என்று மறந்து நின்றிருக்கிறேன். உங்களுக்கு உறுதியாக எழுதின கை என்னுடையதுதான், உறுதி என்னுடையதல்ல.

படம் மாறவில்லை. நோவும் பொய்யில்லை. இரண்டும் ஒன்றாக இருக்கும்.

இங்கே தசைநோவுக்காரருக்குப் பயிற்சி கொடுக்கிற பெர்னடெட் மிஸ் என்று ஒருவர் இருக்கிறார், மன்னார் ஆள். உங்களைப் பற்றிச் சொல்லிக் கேட்டேன். உங்களுக்கு எழுதச் சொன்னதை எழுதுகிறேன். தசை ஒருமுறை வெருண்டால், திரும்ப அடிபடாமல் காப்பதற்காக இறுகிப் பிடித்துக்கொண்டு நிற்குமாம். நாங்களும் சேர்ந்து பயந்தால் அது விடாது. பிடிப்பதால் நோகும், நோவதால் பிடிக்கும். அசையாமல் கிடந்தால் பலமும் போய்விடும், பிறகு கொஞ்சம் குனிந்தாலே தாங்காது. "உன்ரை அக்கா நோ வந்த பிறகுதான் இடுப்பைக் கவனிக்கிறா. நோ வரமுன்னம் என்ன செய்யிறா எண்டு பாக்கச் சொல்லு" என்றார் அவர்.

ஆகவே காவல் இருப்பதை விடாதீர்கள். காவல் இருக்கும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூச்சு கைக்கு வந்து சேர்கிறதா, நெஞ்சோடு நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுக்கு அணைத்து மெல்ல விடுங்கள். கதிரையால் எழும்பும்போது பல்லைக் கடிக்கிறீர்களா? எந்தக் காலில் பாரம் போட்டு நிற்கிறீர்கள்? வீட்டு வாசல் ஒழுங்கைக்கு இறங்கி நடவுங்கள். நோவு கொஞ்சம் இருக்கும், இருக்கட்டும். நடந்த பிறகு நெடுநேரம் நின்று வருத்தினால் மட்டும் அடுத்த நாள் குறைத்துக்கொள்ளுங்கள். ஏதும் தூக்குவதானால் முழங்காலை மடக்கி இருந்து, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். மரத்துப்போவதோ சலத்தில் மாற்றமோ வந்தால் நான் முதலில் எழுதினதை மறக்கவேண்டாம்.

சீலையைப் பிரியுங்கள். மாம்பழ நிறம். உங்களுக்கு நன்றாக இருக்கும்.

குணம்


சிவமயம்

ஏழாலை,
10.06.1973

அன்புத் தங்கச்சி குணத்துக்கு,

கெட்ட செய்தியை முதலில் எழுதுகிறேன். கொக்குவில் சம்பந்தம் போய்விட்டது. சயத்தால் அல்ல, அது ஒருவருக்கும் தெரியாது. "தாய்க்காரி மாதக்கணக்காய்ப் படுக்கையாம்" என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். எந்தப் பேச்சுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று கிடந்தேனோ, அந்தக் கிடையே பேச்சாகிவிட்டது. நான் அழுதேன். ஞானம் அழவில்லை. "கிடந்ததுக்கே ஓடுற ஆக்கள், நாளைக்கு நான் பிள்ளைப்பேறுக்குக் கிடந்தால் என்ன செய்வினம்? விடுங்கோம்மா" என்று சொல்லிவிட்டு அரிசியைக் கழுவப் போனாள்.

நீ சொன்னபடி பார்க்கத் தொடங்கினேன். முதலில் விசர் வேலை போலத்தான் இருந்தது. வயிற்றில் கையை வைத்தால் மூச்சு கைக்கு வரவே இல்லை, நெஞ்சுக்குழியோடு நின்றது. ஒரு நாள் காலையில் மெசின் ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கே என் பல் இறுகுவதைக் கண்டேன். பல்லோடு தொடை, தொடையோடு இடுப்பு. படுத்திருக்கிற மனுசிக்கு என்ன பாரம்? ஆனால் உடம்பு பாரம் தூக்கப் போவது போலத் தயாராகி நின்றது. அன்றைக்குத்தான் எனக்கு உன்னில் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. நிற்கும்போது வலக்காலில்தான் நிற்கிறேன், இடக்கால் சும்மா ஒட்டிக்கொண்டு வருகிறது. குசினியில் பலகையில் இருக்கும்போதும் ஒரு பக்கம் சரிந்துதான் இருக்கிறேன். குனிய நினைத்த உடனேயே மூச்சைப் பிடித்துவிடுகிறேன். எத்தனை வருஷமாக இப்படியோ தெரியாது. ஒழுங்கை முடக்குவரை நடந்தேன், பிறகு பிள்ளையார் கோயில்வரை. வெளிச்சுற்றில் நடக்கும்போது சனம் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும், படுக்கை என்று சொன்னவர்களும் பார்க்கட்டும் என்று நடந்தேன்.

சித்திரைக் கடைசியில் கீரிமலைக்குப் போனோம். பெண்கள் கேணியில் ஞானத்தின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. காலை விட்டுப் பார்த்தேன். என் முதுகை ஒருவரும் தாங்கவில்லை, நானும் தாங்கவில்லை, தண்ணீர் தாங்கியது. மாசிக்குப் பிறகு முதல்முறையாக அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பது எப்படி இருக்கும் என்று நான் மறந்தே போயிருந்தேன்.

சுகமாகிவிட்டேன் என்று நினைத்தேன். அதுதான் பிழை. நேற்று வைகாசிப் போகத்துக்கு வெங்காயம் நடத் தொடங்கினோம். நடுகை வெங்காயம் நிறைந்த கடகம் ஒன்று வரம்பில் கிடந்தது. ஞானத்தோடு கதைத்துக்கொண்டே, நினைவில்லாமல், இடுப்பைத் திருப்பி எட்டி இழுத்தேன்.

அதே இடம், அதே முறுக்கு. கால் மடிந்து பாத்திக்குள் விழுந்தேன்.

தங்கச்சி, அந்த நேரத்துப் பயத்தை உனக்கு எப்படி எழுதுவது? படம் எடுத்தது, டாக்குத்தர் சொன்னது, நீ எழுதினது எல்லாம் பொய்யாகிவிட்டது. ஐயாவின் கட்டில்தான் கண்ணுக்கு முன் நின்றது. கூலிக்கு வந்த பெண்டுகள் ஓடி வந்தார்கள். "தூக்குங்கோ, தூக்குங்கோ, சாக்கிலை வைச்சுத் தூக்குங்கோ" என்று கத்தினார்கள். ஒருத்தி என் கக்கத்துக்குள் கையைக் கொடுத்துவிட்டாள்.

"ஒருத்தரும் தொடாதேங்கோ!" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. "நான் எழும்புவன். கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

முழங்கால் இரண்டையும் மடக்கினேன். செம்பாட்டு மண் முதுகுக்குச் சூடாக இருந்தது. வயிற்றில் கையை வைத்தேன். மூச்சு வரவில்லை. பயம் வந்தது. ஐயாவின் முகமும் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டு, பிடித்திருப்பது எது எது என்று தேடினேன். இடுப்பு. தொடை. பல். இடுப்பை விடச் சொல்ல என்னால் முடியவில்லை, பல்லை விட முடிந்தது. பிறகு தோள். கால் விரல்கள்கூட மடங்கிப்போய் இருந்தன, அவற்றை விட்டேன். எவ்வளவு நேரமோ. கையின் கீழே வயிறு ஒருமுறை ஏறி இறங்கியது. அதன் பிறகு, முறுக்கினவன் கொஞ்சம் கை தளர்த்தினது போல.

வலப்பக்கம் புரண்டேன். கையை ஊன்றினேன். முழங்காலில் நின்றேன். எழும்பினேன். நொந்தது. நோவோடேயே வரம்புவரை நடந்தேன்.

வரம்பில் இவர் குந்தியிருந்தார். மண்வெட்டிப் பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பிடி ஆடிக்கொண்டிருந்தது.

"என்னப்பா செய்யுது?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை."

"கை நடுங்குது."

மண்வெட்டியை வரம்பில் கிடத்தினார். பிறகு நிலத்தைப் பார்த்தபடி, "நீ குனியிற நேரமெல்லாம் நான் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன், மீனாம்பி. மாசியிலை இருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடயில்லை. உன்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனன் எண்டு நினைக்கிறாய். காரிலை எனக்குக் கால் ரெண்டும் வழங்கயில்லை" என்றார்.

இந்த வீட்டில் பயந்தவள் நான் ஒருத்திதான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவருக்குப் பக்கத்தில் மெல்ல இருந்தேன், சரியாமல், இரண்டு பக்கமும் ஒத்து.

"மூச்சை விடுங்கோ" என்றேன்.

"விட்டுக்கொண்டுதானே இருக்கிறன்."

"இல்லை. பிடிச்சுக்கொண்டிருக்கிறியள்."

நீளமாக ஒரு மூச்சு விட்டார். பெண்டுகளில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்துவிட்டு நடுகைக்குத் திரும்பினார்கள்.

இன்றைக்கு எழும்பும்போது விறைப்பு இருக்கிறது, நேற்றைய நோவில்லை. ஒத்தடம் கொடுத்து ஒழுங்கையில் நடந்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். மேலைப் பாத்தி இன்னும் நடாமல் கிடக்கிறது. நாளைக்கு நானும் இறங்குகிறேன். சின்னப் பலகை ஒன்று கொண்டுபோய் அதில் இருந்து நடுவேன், களைத்தால் எழும்பி நடப்பேன். பயம் போய்விட்டதென்று உனக்குப் பொய் எழுதமாட்டேன். பயந்தபடிதான் போகிறேன்.

அன்புள்ள அக்கா,
மீனாம்பிகை